பூஜைத் தட்டுப் பழம் பலகாரத் தட்டுக்கு வரட்டும்

பண்டிகைக்கு முந்தின நாள் திருச்சி காந்தி மார்க்கெட்டில் நடக்க இடமிருக்காது. பூவன் தார்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். சாத்துக்குடி, மாதுளை, கொய்யா எல்லாம் கூடை கூடையாகப் போகும். இவ்வளவு பழமும் வீட்டுக்கு வந்து பூஜைத் தட்டில் ஏறுகிறது. கற்பூரம் காட்டி முடித்ததும் தட்டு ஓரத்துக்குப் போய்விடுகிறது. பிள்ளைகள் முறுக்கு டப்பாவைத் திறக்கிறார்கள், பெரியவர்கள் காபியோடு மைசூர்பாகு எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் சீப்பு கறுத்து, ஈ மொய்த்து, மாட்டுக்குப் போகிறது.

காசு கொடுத்து வாங்கிய நல்ல உணவை வீட்டுக்குள்ளேயே வீணாக்கிவிட்டு, எண்ணெயும் சர்க்கரையும் மட்டும் உடம்புக்குள் போக விடுகிறோம். அந்தப் பழத்தையே பண்டிகைப் பலகாரமாக மாற்ற முடியும். அதற்கான கைப்பக்குவம் இந்த ஊருக்குப் புதிதும் அல்ல.

ஊர் வழக்கத்திலேயே இருக்கிறது

ஸ்ரீரங்கம் கோயிலில் ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்துக்கு மறுநாள் பெரிய திருப்பாவாடை நடக்கும். பெரிய பெருமாள் சன்னதி முன்னால் அன்னத்தைக் குவித்து, மாம்பழம், பலாச்சுளை, வாழைப்பழம், தேங்காய், நெய் சேர்த்து அமுது செய்விப்பார்கள். முக்கனியும் சோறும் ஒன்றாகக் கலந்த அந்தப் பிரசாதத்தைப் பக்தர்கள் வாங்கிப் போவார்கள். மலைக்கோட்டைத் தாயுமானவர் சன்னதியில் சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டவர்கள் வாழைத்தார் கொண்டுவந்து வைக்கிறார்கள். சமயபுரம் மாரியம்மன் உலக நன்மைக்காக 28 நாள் பச்சைப்பட்டினி இருக்கும்போது படைப்பது துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏற்றாமலே ஒரு பெரிய விரதம் நடந்து முடிகிறது. நோன்பு மாதத்தில் நம் இஸ்லாமிய வீடுகளிலும் பேரீச்சையும் நறுக்கிய பழமும் கஞ்சியோடு வந்துவிடுகின்றன.

காவிரியும் கொள்ளிடமும் பாயும் ஊர் வாழைக்குப் பஞ்சப்படாது. தொட்டியம், லால்குடி, ஜீயபுரம் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் வாழைதான். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993இல் திருச்சியில் அமைந்ததும் இந்த மண்ணுக்குப் பொருத்தமே. வாழைப்பழத்தைக் காயவைத்து அத்திப்பழம்போல் மெல்லும் பண்டமாக்குவது, காயை மாவாக்குவது என்று பல பக்குவங்களை அங்கே உருவாக்கியிருக்கிறார்கள்.

நூறு கிராமில் என்ன இருக்கிறது

மணப்பாறை முறுக்கு 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் மாவட்டத்துக்கு அது பெருமை. அதைச் சாப்பிடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த முறுக்கானாலும் 100 கிராமில் ஏறக்குறைய 500 கலோரி இருக்கும். அதே எடை வாழைப்பழத்தில் 100 கலோரியை ஒட்டி. கொய்யாவில் 70ஐத் தாண்டாது. அந்தக் கொய்யாவில் ஒரு நாளைக்குத் தேவையானதைவிட அதிகமாகவே வைட்டமின் சி இருக்கிறது, நார்ச்சத்தும் தாராளம். 100 கிராம் முறுக்கு என்பது அதிகம் என்று நினைக்க வேண்டாம். நாலு வீடு போய் வந்தால் பேச்சுவாக்கில் உள்ளே போகிற அளவுதான்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டது. அதற்கு முந்தைய நிலையில் சுமார் 13.6 கோடிப் பேர் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது கூட்டம்தான் எனக்குக் கவலை தருகிறது. இவர்களில் பலருக்குத் தங்கள் நிலை தெரியாது. புரட்டாசியில் கொலு தொடங்கி, ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகைப் பொரி, மார்கழிப் பிரசாதம், பொங்கல் என்று ஐந்து மாதம் பலகாரம் ஓயாமல் வருகிறது. ஒரு நாள் தின்றால் என்ன ஆகிவிடும் என்பது இந்த ஐந்து மாதத்துக்குப் பொருந்தாது.

நாளொன்றுக்குக் காய்கறியும் பழமும் சேர்த்து 400 கிராமாவது சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், அதாவது சுமார் பன்னிரண்டு டீஸ்பூன். பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது. பிழிந்து ஜூஸாக்கினால் அதே சர்க்கரை கணக்கில் வந்துவிடும். ஒரு டம்ளருக்கு மூன்று நான்கு சாத்துக்குடி தேவை. அதன் நார் வடிகட்டியோடு போய்விடுகிறது. விருந்தாளிக்கு ஜூஸ் கொடுப்பதைவிடச் சுளை உரித்துக் கொடுங்கள்.

எண்ணெய்ச் சட்டிக்குப் பதில் பணியாரச் சட்டி

கார்த்திகைக்கு அப்பம் வார்க்கும் வீடுகளில் வழக்கமாக மாவு, வெல்லம், கொஞ்சம் வாழைப்பழம் போட்டு எண்ணெயில் பொரிப்பார்கள். இந்த அளவைத் திருப்பிப் போடலாம். தோலில் கரும்புள்ளி விழுந்த கற்பூரவல்லி மூன்று, அல்லது பூவன் நான்கு எடுத்து நன்றாக மசிக்கவும். ஒரு கப் கோதுமை மாவு, இரண்டு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், ஏலக்காய். வெல்லம் வழக்கத்தில் பாதிக்கும் கீழே போதும், ஏனென்றால் கற்பூரவல்லியே அவ்வளவு இனிக்கும். இட்லி மாவுப் பதத்தில் கரைத்துக் கால் மணி நேரம் வைத்து, குழிப்பணியாரச் சட்டியில் குழிக்கு நாலு சொட்டு நெய் விட்டு, மிதமான தீயில் மூடி வேகவிடவும். தீ அதிகமானால் பழச் சர்க்கரை சீக்கிரம் கருகிவிடும், உள்ளே மாவு வேகாது. அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

பிள்ளையார் சதுர்த்திக்கு உச்சிப் பிள்ளையாருக்கும் மாணிக்க விநாயகருக்குமாக 150 கிலோ கொழுக்கட்டை படைக்கிற ஊர் இது. கொழுக்கட்டை ஆவியில் வேகும் பண்டம். எண்ணெய்க் கவலை இல்லை. பூரணத்தில்தான் வெல்லம் ஏறிவிடுகிறது. தோல் கறுக்கத் தொடங்கிய நேந்திரம்பழத்தைப் பொடியாக நறுக்கி, ஒரு ஸ்பூன் நெய்யில் வதக்கி, தேங்காய்த் துருவலும் கொஞ்சமே கொஞ்சம் வெல்லமும் சேர்த்துச் சுருளக் கிளறினால் பூரணம் கையில் உருட்ட வரும். பலா கிடைக்கும் மாதங்களில் சுளையை அரிந்து இதே மாதிரி செய்யலாம். தண்ணீர் ஒரு சொட்டுகூட விடக் கூடாது, மேல்மாவு விரிந்துவிடும். அன்று பிள்ளையாருக்கு முன்னால் வைத்த விளாம்பழத்தை உடைத்து, சதையில் துளி வெல்லம் பிசைந்து பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். அந்த ருசியே தெரியாமல் வளரும் பிள்ளைகள் இப்போது நிறைய.

நவராத்திரியில் வீட்டுக்கு வீடு சுண்டல் தருகிறோம். ஆறிய கொண்டைக்கடலை அல்லது பச்சைப்பயறுச் சுண்டலில் மாதுளை முத்தும் பொடியாக அரிந்த கொய்யாவும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, மிளகுத்தூள் தூவுங்கள். பயறின் புரதமும் நாரும் பழத்தின் இனிப்பை ரத்தத்தில் மெதுவாக ஏறவிடும். கொலுவுக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸும் சேர்ந்து வரும் நாட்களில் பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்பார்கள். பழுத்த ரஸ்தாளியை வில்லையாக அரிந்து ஃப்ரீஸரில் இரவு முழுக்க வைத்து, காலையில் மிக்ஸியில் அடித்தால் வெண்ணெய்போல் திரண்டு வரும். சர்க்கரையும் வேண்டாம், க்ரீமும் வேண்டாம். பழத்தைத் தயிரில் கலந்தும் கொடுக்கலாம். ஒன்று மட்டும்: அப்படிக் கலக்கும்போது பச்சை அன்னாசியையும் பப்பாளியையும் முன்கூட்டிப் போட்டு வைக்காதீர்கள். அவற்றிலுள்ள நொதி பால் புரதத்தை உடைத்துக் கசக்க வைக்கும். அன்னாசியை ஒரு கொதி விட்டு ஆறவைத்துச் சேர்த்தால் கசக்காது.

வெல்லம், தேன், நாட்டுச்சர்க்கரை

இவை வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்று என்று பலரும் தாராளமாகப் போடுகிறார்கள். மணம் நன்றாக இருக்கும், உண்மைதான். ரத்தத்தில் ஏறும்போது மூன்றும் சர்க்கரைதான். 50 கிராம் கணக்கில் இவையும் அடக்கம்.

பழம் வாங்கும்போது

கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பது நம் நாட்டில் சட்டப்படி தடை. அந்தக் கார்பைடு கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். வாந்தி, தலைசுற்றல், தோல் புண் வரை கொண்டுபோய் விடும். பழுக்கவைக்க எத்திலின் வாயுவுக்கு அனுமதி உண்டு. அதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. எந்தப் பழம் கல்லில் பழுத்தது என்று கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் பருவத்துக்கு முன்னால் வரும் மாம்பழத்தைத் தவிர்ப்பதும், செங்காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசியிலோ புதைத்து வீட்டிலேயே பழுக்கவைப்பதும் நல்லது. வாழையை நாலு நாள் முன்னதாகவே காயாக வாங்கி வைக்கலாம். தோல் உரிக்கிற பழமானாலும் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும்.

நறுக்கிய பழம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. திருச்சி வெயிலில் ஒரு மணி நேரம்தான். வாசலில் தட்டு தட்டாக அரிந்து வைத்துவிட்டு வெளியே கிளம்பிவிடாதீர்கள்.

சுகர், சிறுநீரகம், சின்னப் பிள்ளைகள்

சுகர் இருப்பவர்கள் பழத்தை அடியோடு விட வேண்டியதில்லை. இலைச் சாப்பாடு முடித்து, பாயசமும் குடித்துவிட்டு, அதன் மேல் மாம்பழம் எடுப்பதுதான் தவறு. மாலைப் பலகாரத்துக்குப் பதிலாக ஒரு கொய்யாவோ, அதிகம் கனியாத சின்னப் பூவன் ஒன்றோ எடுக்கலாம். வாழை கனியக் கனிய அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடுகிறது. மேலே சொன்ன அப்பம் அவர்களுக்கும் மருந்து அல்ல. இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாமல் போனால் இதயத் துடிப்பே தடுமாறும். பிரசாதம் என்று கொடுத்தாலும், எந்தப் பழம் எவ்வளவு என்று அவர்களுடைய மருத்துவர் சொன்னபடியே சாப்பிட வேண்டும்.

ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத் திராட்சையை முழுசாகத் தராமல் நீளவாக்கில் நாலாகக் கீறிக் கொடுங்கள். நாவல், விளாம்பழம், பலாச்சுளை எல்லாம் கொட்டையும் ஓடும் நீக்கி, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டவும். பல் இல்லாத பாட்டி தாத்தாவுக்கு நேந்திரம்பழத்தைத் தோலோடு இட்லிப் பானையில் பத்து நிமிஷம் அவித்து, உரித்து, நடு நரம்பை எடுத்துவிட்டு, கொஞ்சம் நெய் தடவிக் கொடுத்தால் அவர்களுக்கும் பண்டிகைப் பலகாரம் ஆயிற்று.