புல்வெளி தரிசு நிலமன்று

புல் மட்டுமே வளர்ந்த நிலத்தைத் தரிசு என்றெண்ணி, நல்லெண்ணத்துடன் அங்கே மரக்கன்று நடுகிறோம். சற்றுச் சிந்தியுங்கள். ஆங்கிலேயர் காலந்தொட்டு நடப்பட்ட சீகையும் தைலமரமும் பரவியே நீலகிரியின் புல்வெளிகள் பெருமளவில் அழிந்தன.

நம் சமவெளிக்கும் புல்வெளி மரபு உண்டு. காங்கேயம் பகுதியின் 'கொறங்காடு' அதற்குச் சான்று. மானாவாரி நிலத்தில் கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, இடையிடையே வெள்வேலம். நிலத்தைப் பகுத்து மாற்றி மாற்றி மேய்ப்பதால் புல் மீண்டும் துளிர்க்கிறது. வெள்வேலங்காய் ஆடுகளுக்குத் தீனியாகிறது.

2010இல் சேலம் மூக்கனேரியை மக்களே கூடிச் சீரமைத்தனர். அம்மாபேட்டை இளைஞர்களே, அந்தக் கரங்கள் புல்லுக்கும் உதவலாமே! உரியவரின் அனுமதி பெற்று, மழையில் மண் இளகியதும் சீமைக்கருவேலங் கன்றுகளை வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் மீண்டும் தழைக்கும். கொழுக்கட்டைப் புல்லின் விதை சேகரித்து, ஐப்பசி மழைக்கு முன் தூவுங்கள். வேரூன்றும்வரை மேய்ச்சலைத் தவிருங்கள்.

குர்பானிக்குக் கொழுத்த ஆட்டைத் தேடும் நாம், அது மேயும் புல்லைப் பேண வேண்டாமா?