விரைவும் குலமும்

சவ்வாது மலை திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிற் பரவிக் கிடக்கின்றது. அதன் அடிவாரத்தை அடுத்த ஊர்களிற் பொங்கலையொட்டி நிகழ்வது எருதுவிடும் விழாவாகும்.

சல்லிக்கட்டில் வீரர் காளையின் திமிலைத் தழுவுவர். இவ்விழாவிலோ காளையின் விரைவே அளக்கப்படுகின்றது. தெருவின் இருமருங்கும் தடுப்பு அமைத்து, காளைகளை ஒவ்வொன்றாக விடுவர். குறித்த தொலைவை மிகக் குறைந்த நொடிகளிற் கடந்த காளையே பரிசுக்குரியது.

விரைவு குலவழி வருவது என்பதனைப் பந்தயக் குதிரை காட்டும். இங்கிலாந்தில் 1764-ஆம் ஆண்டு, கதிரவன் மறைப்பு நிகழ்ந்த நாளிற் பிறந்த 'எக்லிப்சு' என்னும் குதிரை 18 பந்தயங்களில் ஓடி, ஒன்றிலும் தோற்றிலது. இன்றைய உயர்குலப் பந்தயக் குதிரைகளுட் பெரும்பாலானவை தந்தை வழியில் அதன் கால்வழியினவே. 1791-இல் தொடங்கப்பெற்ற குலமுறைப் பதிவேடு இவ்வுண்மையைக் காத்துத் தந்தது. நம் காளைகளின் குலமோ பெரும்பாலும் வளர்ப்போர் நினைவிலேயே வாழ்கின்றது. உழவினின்று எருது விலக்கப்பட்ட இக்காலத்தில், வளர்ப்போர் கைவிடின் குலமும் நினைவும் ஒருங்கே அழியும்.

காளைகள் துன்புறுத்தப்படுகின்றன எனக் கண்டு, இத்தகைய விளையாட்டுகளை 2014-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2017-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்திருத்தம் எருதுவிடும் விழாவையும் பெயர் சுட்டி ஏற்றது. 2023-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஆயினும், வாலை முறுக்கியும் அடித்தும் பெறும் விரைவு காளையின் பெருமையன்று. அது மனிதனின் சிறுமையே. அன்புடன் வளர்த்தலும் குலத்தை ஏட்டில் எழுதிக் காத்தலுமே விழாவை வாழ்விக்கும் வழியாம்.