ஸ்டிரைக் படும் பாடு

ஆங்கிலத்திலே 'ஸ்டிரைக்' என்று ஒரு சொல் உண்டு. ஆலை வாயிலில் நின்று பழகிய தோழர்களுக்கு அதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அச்சொல் போகுமிடமெல்லாம் வேறு வேறு வேடம் கட்டுவதைக் கவனித்திருக்கிறோமா?

தீக்குச்சியை உரசினால் ஸ்டிரைக். கடிகாரம் மணியடித்தால் ஸ்டிரைக். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்திலே, மட்டையை வீசியும் பந்து படாமல் போனால் அதற்கும் ஸ்டிரைக் என்றே பெயர். மூன்று முறை அப்படியானால் ஆட்டக்காரர் வெளியே! அடிப்பதைக் குறிக்கும் சொல், அடிக்கத் தவறியதற்குப் பெயரான விந்தை இது. பந்தை உருட்டும் பவுலிங் ஆட்டத்திலோ பத்துக் கட்டைகளும் முதல் உருட்டிலேயே சாய்ந்தால்தான் ஸ்டிரைக். நில நூலாரைக் கேட்டால், சாய்ந்து கிடக்கும் பாறை அடுக்கு எந்தத் திசையில் நீண்டு ஓடுகிறது என்பதே ஸ்டிரைக் என்பார்கள்.

நம்முடைய ஸ்டிரைக் எங்கிருந்து வந்தது? கப்பலிலிருந்து வந்தது! பாயைக் கீழே இறக்குவதற்கும் ஆங்கில மாலுமிகள் அச்சொல்லையே வழங்கினார்கள். 1768இல் கூலி உயர்வு கேட்ட மாலுமிகள், லண்டனில் தேம்ஸ் ஆற்றிலே நின்ற கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாயில்லாத கப்பல் எங்கே போகும்? சரக்கு துறையிலேயே கிடந்தது. வேலையை நிறுத்துவதற்கு அதுவே பெயராக நிலைத்தது. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள், வ.உ.சி. துணைநிற்க, கூலி உயர்வும் வார ஓய்வும் கேட்டு எடுத்த ஆயுதமும் அதுதான்.

அகராதி தரும் பொருளால் எவருடைய சம்பளமும் வெட்டப்படுவதில்லை. சட்டம் தரும் பொருள் அப்படியா? தொழிலாளர் ஒன்றுசேர்ந்து வேலையை நிறுத்துவதே ஸ்டிரைக் என்றது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம். 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்போ அதற்கு ஒரு வால் சேர்த்தது. ஒரு தொழிலகத்தில் பாதிப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ பேசிவைத்து, ஒரே நாளில் கேஷுவல் லீவு எடுத்தால் அதுவும் ஸ்டிரைக்காம்! தண்ணீர், மின்சாரம் போன்ற பொதுப் பயன்பாட்டுத் தொழில்களுக்கு மட்டும் முன்பு இருந்த 14 நாள் முன்னறிவிப்பையும் எல்லாத் தொழிலுக்கும் அது விரித்தது. அறிவிப்பில்லாமல் நின்றால் சட்டவிரோதம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு.

லீவுச் சீட்டு எழுதுகிறவன் ஸ்டிரைக் செய்கிறோம் என்று நினைக்கவே மாட்டான். வாயிற்கூட்டம் நடத்தும் தோழர்கள் அந்த விளக்கத்தைத் தமிழில் எழுதிச் சங்கப் பலகையிலே ஒட்டட்டும்.