சாவி கைக்கு வராத 500 வீடுகள்

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. கடல் சுனாமியாகக் கரையேறி வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இலங்கையில் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தக் கரையைச் சேர்ந்தவர். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை என ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டியே கிடப்பதால், ஓடி ஒதுங்கவும் அதிக இடமில்லை.

உதவி வராமல் இல்லை. நிலம்தான் கிடைக்கவில்லை. கடலோரத்தில் வீடு கட்டக்கூடாதென்று அரசு வகுத்த தடைவலயம் கிழக்கில் முதலில் 200 மீற்றர். வீட்டை இழந்தவர் தன் சொந்த வளவிலேயே திரும்பக் கட்ட முடியவில்லை. மாற்று நிலம் அரசுதான் தர வேண்டியிருந்தது.

அப்படி ஒதுக்கப்பட்டதுதான் அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலை. அன்று வீடமைப்பு அமைச்சராயிருந்த பேரியல் அஷ்ரப்பின் முயற்சியில், சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் எழுந்தன. பள்ளிவாசல், பாடசாலை, வைத்தியசாலை, சந்தை என்று ஓர் ஊருக்கு வேண்டியதெல்லாம் சேர்த்தே கட்டினார்கள். குடிவர வேண்டிய மக்கள் மட்டும் வரவில்லை.

தீகவாபி பௌத்த விகாரையைச் சார்ந்த நிலம் இது, அரச காணியை முஸ்லிம்கள் என்ற ஒரே இனத்துக்குக் கொடுப்பது சமத்துவத்துக்கு மாறானது என்று எல்லாவல மேதானந்த தேரர் வழக்குத் தொடுத்தார். 2009 ஜூனில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வீடுகளை நாட்டின் இன விகிதாசாரப்படி பகிர வேண்டும்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் 43 சதவீதத்துக்கும் மேல். நாடு முழுவதிலும் 10 சதவீதத்துக்கும் குறைவு. 500 வீடுகளில் அவர்களுக்கு 50கூட வராது. கடல் விகிதாசாரம் பார்த்து வரவில்லை. வீட்டை இழந்தவர் யார் என்பதல்லவா முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்?

பாதிக்கப்பட்டவர்களே ஒதுக்கப்படும் இந்த அனுபவம் 2005இலேயே நேர்ந்திருந்தது. சுனாமி உதவியைப் பங்கிட அரசும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தத்தில், மிக மோசமாக அடிபட்ட மாவட்டத்தின் பெரும் சமூகமான முஸ்லிம்கள் கையெழுத்திடும் தரப்பாக இல்லை. அந்த ஒப்பந்தத்தின் முக்கிய பகுதிகளையும் நீதிமன்றம் சில வாரங்களிலேயே இடைநிறுத்தியது.

தீர்ப்புக்குப் பிறகு பத்தாண்டுகள் கடந்தும் நுரைச்சோலை வீடுகள் பூட்டியே கிடந்தன. சுற்றிலும் பற்றை மண்டியது; கதவும் யன்னலும் களவு போயின. சுனாமியின்போது அகதி முகாம்களில் தாயின் மடியிலிருந்த கைக்குழந்தைகள், இப்போது தங்களுக்கென்று ஒரு வீடு தேடும் வயதை எட்டிவிட்டார்கள்.