பழைய காரின் இறப்பர் இணைப்பு

பழைய மோட்டார்க் கார் வைத்திருக்கும் அன்பர்கள் சிலர் இந்த ஒலியைக் கேட்டிருப்பர். கிளச்சை விட்டு வண்டி நகரத் தொடங்கும்போது காலடியில் ‘தொம்’ என்று ஓர் அடி. கியர் மாற்றும்போது மீண்டும் அதே அடி. குறித்த ஒரு வேகத்தில் தரை மெல்ல அதிரும். அவ்வேகத்தைக் கடந்ததும் அடங்கிவிடும். பாதைதான் பழுது என்று நாமும் சமாதானம் அடைந்துவிடுவோம். நான் ஏறக்குறைய ஒரு மாதம் அவ்வாறு சமாதானம் அடைந்திருந்தேன். அதன் பயனைப் பின்னர் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது என் தகப்பனார் விட்டுச்சென்ற பியற் 124. இவ்வகைக் கார் இத்தாலியில் 1966ஆம் ஆண்டு வெளிவந்தது. 1970 முதல் சோவியத் நாட்டின் தொலியாத்தி நகரிலே, பல மாற்றங்களுடன், இதன் வழிவந்த வண்டி செய்யப்பட்டது. பிற நாட்டார் லாடா என்று அறிந்த வண்டி அதுவே. இவற்றில் என்ஜின் முன்னே இருக்கிறது, உந்தப்படுவன பின்சில்லுகள். ஆகவே கியர்ப்பெட்டியிலிருந்து பின்னச்சை நோக்கி ஒரு நீண்ட தண்டு சுழன்றுகொண்டு செல்லவேண்டும். மெக்கானிக்குகள் இதனைச் ‘சாப்ற்’ என்பர். கியர்ப்பெட்டியின் வாயிலில் இத்தண்டு இரும்போடு இரும்பாகப் பிணைக்கப்படவில்லை. இடையே பீரிசளவான ஓர் இறப்பர் வளையம் இருக்கிறது.

இரும்பு இருக்க இறப்பர் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். என்ஜினின் விசை ஒரே சீராக வருவதன்று. ஒவ்வொரு வெடிப்பும் ஓர் உதை. அன்றியும் என்ஜின் தன் தாங்கிகளின் மேல் சற்றே ஆடுகிறது. இவ்வுதைகளையும் சிறு கோணல்களையும் இறப்பர் தன்னுள் வாங்கிக்கொண்டு, சுழற்சியை மட்டும் பின்னே அனுப்புகிறது. பெருங்கோணங்களை அது தாங்காது. அதற்கென இரும்புச் சிலுவை மூட்டுகள் தண்டின் வேறிடங்களில் உள.

இத்தாலியர் இவ்வளையத்தை ‘ஜூபோ’ என்பர். ‘ஜூந்தோ’ என்றால் இணைப்பு. ‘போ’ என்பது பொஸ்கி என்னும் பெயரின் முதலெழுத்து. பிரெல்லி நிறுவனத்தில் பணியாற்றிய அந்தோனியோ பொஸ்கி என்ற பொறியியலாளரே இதனை ஆக்கியவர். அவரும் அவர் மனைவியும் சேர்த்த இத்தாலிய ஓவியங்கள் மிலான் நகரத்துக்கு அளிக்கப்பட்டு, அவர்கள் வாழ்ந்த வீடே 2003இல் காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. கலைப்பட்டதாரியாகிய எனக்கு இச்செய்தி வளையத்தின் மேல் தனி மதிப்பை உண்டாக்கிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி, அதன் அமைப்பைக் கவனிப்போம். வளையத்தில் ஆறு துளைகள். ஒவ்வொன்றிலும் இரும்புக் குழல். குழல்களுக்கு இடையே இறப்பர்க் கட்டிகள் ஆறு. ஒன்றுவிட்டொன்றாக மூன்று துளைகள் கியர்ப்பெட்டியின் மூன்று கைகளோடும், ஏனைய மூன்றும் தண்டின் கைகளோடும் போல்ட்டுகளாற் பூட்டப்படும். வண்டி முன்னே உந்தும்போது மூன்று கட்டிகள் நசுங்குகின்றன. மற்றைய மூன்றும் இழுபடுகின்றன. காலை எடுத்து வண்டியின் வேகத்தை என்ஜினாற் குறைக்கும்போது நசுங்கியவை இழுபடும், இழுபட்டவை நசுங்கும்.

இறப்பருக்கு நசுங்குதல் பெருந்துன்பமன்று, இழுபடுதலே பகை. மாணவரிடமிருந்து நான் பறித்து வைத்த கெற்றப்போல்கள் பலவற்றில் இதனைக் கண்டிருக்கிறேன். இறப்பர்ப் பட்டியின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விழுந்தால், இழுக்க இழுக்க அது வாய் திறந்து குறுக்கே ஓடிவிடும். அதே பட்டியை நெருக்கிப் பிடித்தால் வெட்டு மூடிக்கொள்ளும். ஆகையால் வளையத்தைச் செய்வோர், அதனைச் சுற்றி ஓர் உருக்குப் பட்டி இட்டு இறுக்கி நெருக்கியே அனுப்புகின்றனர். நெருக்கிய நிலையிலேதான் துளைகள் போல்ட்டுகளுக்கு நேராக வரும். பூட்டிய பின் பட்டியை அகற்றினாலும் போல்ட்டுகள் அந்நெருக்கத்தைக் காத்து நிற்கும். வண்டி இழுக்கும்போது கட்டிகள் முன்பு பெற்ற நெருக்கத்தை இழக்குமேயன்றி எளிதில் உண்மையான இழுவைக்கு ஆளாகமாட்டா.

இதனை அறியாமையே என் வண்டிக்கு வினையாயிற்று. சில ஆண்டுகளின் முன் ஒரு கராச்சில் புதிய வளையம் பூட்டுவித்தேன். இளம் மெக்கானிக் ஒருவர் அப்பட்டியைப் பொதியின் கட்டென்று எண்ணி முதலிலேயே வெட்டி எறிந்தார். துளைகள் ஒவ்வவில்லை. “கொஞ்சம் நெம்பினால் சரி, சேர்” என்று கடப்பாரையால் நெம்பி ஏற்றினார். அருகில் நின்ற நானும் அவரது கைவன்மையை மெச்சினேன்! நான்காம் மாதம் பரந்தனுக்கு அப்பால், மனைவியும் மகனும் வண்டியிலிருக்க, வளையம் கிழிந்தது. விடுபட்ட தண்டின் நுனி எங்கள் காலடித் தகட்டைச் சம்மட்டிபோல் அடித்தது. மெதுவாகச் சென்றமையால் தகடு நெளிந்ததோடு தப்பினோம்.

இரண்டாம் முறை முதிய மெக்கானிக் ஒருவருடன் நானே வண்டியின் கீழே படுத்தேன். சமதரையில் நிறுத்தி, முன்சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்து, பின்புறத்தை உறுதியான தாங்கிகளின் மேல் ஏற்றினோம். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் கீழே செல்லலாகாது. கழற்றுமுன் தண்டின் கையிலும் கியர்ப்பெட்டியின் கையிலும் வர்ணத்தால் அடையாளம் இட்டோம்; நிலை மாறிப் பூட்டினால் அதிர்வு உண்டாகலாம். தண்டைத் தொங்கவிடாது கீழே முட்டுக்கொடுத்தோம். கறளைச் சுரண்டி, தண்டின் நடுவை நேராக நிறுத்தும் சிறு குழலைப் பார்த்துக் கிறீஸ் இட்டோம். அது தேய்ந்திருந்தால் புதிய வளையமும் விரைவிற் கெடும்.

பட்டியோடேயே வளையத்தை ஏற்றினோம். போல்ட்டுகள் கையாலேயே தள்ள உள்ளே சென்றன. இறுக்கும்போது ஒரு நுட்பம் உண்டு. இறப்பரின் பக்கத்திலுள்ள தலையை அசையாது பிடித்து, இரும்புக் கையின் பக்கத்தில் உள்ளதையே திருகவேண்டும். மறுதலையாகச் செய்தால் குழலும் சேர்ந்து திரும்பி, இறப்பர் பிறவியிலேயே முறுக்குண்டுவிடும். நட்டுகள் புதியனவாகவும், தாமே இறுகிநிற்கும் வகையினவாகவும் இருத்தல் வேண்டும். இறுக்கத்தின் அளவு வண்டியின் கைந்நூலில் உண்டு. ஆறும் இறுகிய பின்னரே, முகத்தை விலக்கிக்கொண்டு, பட்டியை வெட்டினோம். அது வில்லைப்போற் பாயும். கடையில் வாங்கிய வளையத்தில் பட்டி இல்லையேல், தண்ணீர்க் குழாய்களுக்கு இடும் பெரிய இறுக்குவளையம் ஒன்றைச் சுற்றி நெருக்கிக்கொள்ளலாம்.

கியர்ப்பெட்டியின் பின்வாயிலில் எண்ணெய் கசிந்தால் அதனை முதலிற் செப்பனிடுதல் வேண்டும். எண்ணெய் பட்ட இறப்பர் ஊதி இளகிவிடும். சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் நட்டுகளை மீண்டும் பார்க்கவேண்டும். அதன்பின் எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு ரோச் வெளிச்சத்தைப் பிடித்தாற் போதும். இறப்பரின் மேற்றோலில் தோன்றும் மெல்லிய கீறல்கள் முதுமையின் அடையாளம். குழல்களின் அருகே நகம் நுழையுமளவு வெடிப்புக் கண்டால் அன்றே வண்டியை நிறுத்திவிடவேண்டும்.