பேர் போட்டவர்களை மட்டும் எண்ணினால்: டேட்டா எனலிஸ்ட் வேலை என்பது என்ன?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் காலத்தில் ஹட்டன், நுவரெலியாப் பகுதிப் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் அண்மைக் காலமாக ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. "பெரிய ஐ.டி. கம்பனிகளில் டேட்டா எனலிஸ்ட் என்று எடுக்கிறார்களாமே, அது என்ன வேலை சேர்?" சொப்ட்வெயார் எஞ்சினியர் என்றால் ஓரளவு புரிகிறது. வணிகத் தரவுப் பகுப்பாய்வாளர் என்றால் பலருக்கும் தெளிவில்லை. என்னிடம் படித்து இன்று கொழும்பில் அந்த வேலையில் இருக்கும் மாணவி ஒருவர் சொன்னவற்றையும், நான் வாசித்து அறிந்தவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் வாடிக்கையாளரின் ஒவ்வொரு அழைப்பும், ரீலோடும், கொடுப்பனவும் பதிவாகிறது. இலட்சக்கணக்கான வரிகள். "போன மாதம் வாடிக்கையாளர் குறைந்தது ஏன்?" என்று முகாமையாளர் கேட்பார். பகுப்பாய்வாளர் தேவையான பதிவுகளை எஸ்.கியூ.எல். என்ற மொழியில் கேட்டு எடுத்து, பிழை திருத்தி, ஒப்பிட்டு, முடிவெடுப்பவருக்கு விளங்கும் விதமாகச் சொல்ல வேண்டும். பவர் பி.ஐ. போன்ற மென்பொருளில் வரைபடம் போடுவதெல்லாம் கடைசியில்தான்.

நேரத்தில் பெரும்பகுதி பிழை திருத்துவதிலேயே போய்விடுமாம். நம்மவர் பெயர்களே இதற்கு நல்ல உதாரணம். ஒரே மனிதர் அடையாள அட்டையில் முகம்மது, வங்கியில் மொஹமட், தொலைபேசி இணைப்பில் முஹம்மத். கணினிக்கு அவர் மூன்று பேர். இதைக் கவனிக்காமல் எண்ணினால் வாடிக்கையாளர் தொகை தானாகக் கூடிவிடும்.

ஆனால் இந்த வேலையின் உயிர் வேறொரு கேள்வியில் இருக்கிறது: யாரை எண்ணுகிறோம், யாரை விட்டுவிட்டோம்?

2016 செப்டெம்பரில் பேஸ்புக் நிறுவனம் ஒரு பிழையை ஒப்புக்கொண்டது. மக்கள் ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று விளம்பரதாரர்களுக்கு அது காட்டி வந்த எண் இரண்டு வருடங்களாகத் தவறாக இருந்திருக்கிறது. மொத்தம் பார்த்த நேரத்தை, 3 விநாடிக்கு மேல் பார்த்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்திருந்தார்கள். அதற்குள் தள்ளிவிட்டுப் போனவர்கள் கணக்கிலேயே இல்லை. சராசரி 60 முதல் 80 வீதம் வரை கூடியிருக்கலாம் என்று பப்ளிசிஸ் என்ற விளம்பர நிறுவனத்துக்குச் சொல்லப்பட்டது. அந்த எண்ணை நம்பிப் பணம் போட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டலில் தவறில்லை, வகுத்தலிலும் தவறில்லை. எதனால் வகுப்பது என்பதில்தான் தவறு.

இதை மலையகத்துப் பிள்ளைக்கு விளக்க பேஸ்புக் வரை போகத் தேவையில்லை. கொழுந்து நிறுக்கும் இடம் போதும். ஒரு மலையில் 10 பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள். ஒரு பேருக்கு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம் (தோட்டத்துக்குத் தோட்டம் இது மாறும்). ஆறு பேர் தலா 20 கிலோ எடுத்து முழுப் பேர் வாங்குகிறார்கள். நான்கு பேர் தலா 12 கிலோ எடுத்து அரைப் பேரோடு போகிறார்கள். மொத்தம் 168 கிலோ, பத்தால் வகுத்தால் சராசரி 16.8. முழுப் பேர் வாங்கியவர்களை மட்டும் எண்ணினால் சராசரி 20. இரண்டும் சரியான கணக்குத்தான். ஆனால் இரண்டாவது எண் மட்டும் மேசைக்குப் போனால், "சராசரியே 20 வருகிறது, 18ஐக் கூட்டலாமே" என்று ஒருவர் சொல்ல முடியும். முதல் எண்ணைப் பார்த்தவர், சராசரித் தொழிலாளியால் 18ஐயே எட்ட முடியவில்லை என்பார். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கப்படும் கிலோ செக்ரோலில் ஏறுவதேயில்லை என்பது இன்னொரு கதை.

பாடசாலைகளும் இதற்கு விலக்கல்ல. சித்தி வீதம் என்பது பரீட்சைக்குத் தோற்றியவர்களை வைத்துக் கணிக்கப்படுகிறது. ஒன்பதாம் ஆண்டோடு கடைக்கு வேலைக்குப் போன பையன் அந்த வகுத்தலில் எங்கேயும் இல்லை.

ஆகவே இது கணினித் திறமையோடு அமானிதமும் தேவைப்படும் வேலை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282 கடன் கொடுக்கல் வாங்கலை நீதியாக எழுதி வைப்பது பற்றியது. அளவையில் மோசடி செய்வோர் பற்றி ஒரு தனி சூராவே (83) இருக்கிறது. முகாமையாளர் விரும்பும் எண்ணைக் கொடுப்பதா, உள்ளதைக் கொடுப்பதா என்ற நெருக்கடி தனக்கு அடிக்கடி வருவதாக என் மாணவி சொன்னார். எஸ்.கியூ.எல். வரிகளை இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது. இந்த நெருக்கடியை அது வந்து தீர்த்துவைக்காது.

இனி வழி. விஞ்ஞானப் பிரிவு படித்தால்தான் ஐ.டி. என்ற எண்ணம் நம் ஊர்களில் ஆழமாக இருக்கிறது. இந்த வேலைக்கு அது பொருந்தாது. வர்த்தகப் பிரிவில் வணிகப் புள்ளிவிபரவியலும் கணக்கீடும் படித்தவருக்கு வணிகம் எப்படி ஓடுகிறது என்பது ஏற்கனவே தெரியும். களனி, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் முகாமைத்துவமும் தகவல் தொழில்நுட்பமும் சேர்ந்த பட்டப்படிப்பு உண்டு. பேராதனையில் புள்ளிவிபரவியல் படிக்கலாம். உண்மையான தடைகள் இரண்டு. ஒன்று, தோட்டப் பாடசாலைகளில் கணித ஆசிரியர் பற்றாக்குறை. மற்றது ஆங்கிலம்: நேர்முகப் பரீட்சையும் அறிக்கையும் ஆங்கிலத்தில்தான். பெண் பிள்ளையைக் கொழும்பில் போர்டிங்கில் விடத் தயங்கும் பெற்றோருக்கு ஒரு தகவல்: கொவிட்டுக்குப் பிறகு இத்துறை நிறுவனங்கள் பல, வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை செய்ய விடுகின்றன. தோட்டத்துப் பக்கம் சிக்னல் கிடைப்பதுதான் பிரச்சினை.

பெறுபேறு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஹட்டன் கடைவீதியில் வாப்பாவுக்குக் கடை இருந்தால் கடன் கொப்பியை எடுத்து ஒரு வருடக் கணக்கை எக்செலில் ஏற்றிப் பாருங்கள். தோட்டத்தில் சம்பளம் போட்ட பிறகு எத்தனை நாட்களில் கடன் திரும்பி வருகிறது? தீபாவளி முற்பணம் கொடுக்கும் மாதத்தில் அது மாறுகிறதா? கடனே வாங்காதவர்களையும் சேர்த்து எண்ணினீர்களா?