குளிர்ப்பெட்டியில் உணவுப் பொருள்கள் உறைந்து கெடாமல் காத்தல்

விளைவிப்பதில் எவ்வளவு கவனம் வேண்டுமோ, விளைந்ததைச் சேதமின்றிக் காப்பதிலும் அவ்வளவு கவனம் வேண்டும். தோட்டத்துக் கீரையையும், கறவைப் பாலையும், கோழி முட்டையையும் சில தினங்கள் வைத்திருக்க, கிராமங்களிலும் இப்போது பல வீடுகளில் குளிர்ப்பெட்டி உபயோகத்திலிருக்கிறது. ஆயினும், மாலையில் பசுமையாக வைத்த கீரை காலையில் விறைத்திருப்பதும், வெளியிலெடுத்த சிறிது நேரத்தில் துவண்டு நீர் விடுவதும் உண்டு. உடனே பெட்டி பழுதென்று எண்ணிப் பணம் செலவிடுவோர் பலர். பெரும்பாலும் குற்றம் பெட்டியிலன்று. பொருளை வைக்கும் இடத்திலும், குளிரைத் திட்டப்படுத்தும் திருகிலுமே இருக்கிறது.

உறைவதால் நேரும் தீங்கு

சுத்தமான ஜலம் பூஜ்யம் டிகிரி சென்டிகிரேடில் உறையும். உணவுப் பொருள்களின் நீரில் உப்பும் சர்க்கரையும் கலந்திருப்பதால் அவை அதற்குச் சற்றுக் கீழே உறைகின்றன. பால், முட்டை, தக்காளி, வெள்ளரி ஆகியவை பூஜ்யத்திற்கு அரை டிகிரி கீழேயும், முட்டைக்கோஸ் சுமார் ஒரு டிகிரி கீழேயும், காரட் சுமார் ஒன்றரை டிகிரி கீழேயும் உறையத் தொடங்கும்.

ஜலம் உறையும்போது நூற்றுக்குச் சுமார் 9 பங்கு பருக்கிறது. ஆகையால் முட்டை ஓடு வெடிக்கிறது. நிறைந்த கண்ணாடிப் புட்டி உடைகிறது. இலையிலும் காயிலும் பனித்துகள்கள் நுண்ணறைகளைக் கிழித்துவிடுவதால், உருகியபின் சாறு வெளியேறுகிறது. பாலில் கொழுப்பு பிரிகிறது. தயிரில் நீர் தனியே நிற்கிறது. இவ்வாறு கெட்ட தன்மையை எந்த உபாயத்தாலும் மீட்க இயலாது. மறுபுறம், பெட்டியின் உஷ்ணம் 4 டிகிரிக்கு மேல் ஏறினால் கிருமிகள் விரைவில் பெருகும். எனவே காக்க வேண்டிய எல்லை பூஜ்யத்திற்கும் 4 டிகிரிக்கும் இடைப்பட்ட குறுகிய வரம்பேயாகும்.

குளிர் எங்கும் ஒரே அளவன்று

ஒற்றைக் கதவுப் பெட்டியில் குளிர் பிறக்குமிடம் மேலேயுள்ள பனி அறை. குளிர்ந்த காற்று கனமானதாகையால் கீழே இறங்குகிறது. பனி அறையை அடுத்த தட்டே மிகக் குளிர்ந்தது. இரட்டைக் கதவுப் பெட்டியில் ஒரு விசிறி, பின்சுவரிலுள்ள துவாரங்களின் வழியாகக் குளிர்காற்றைக் கீழறைக்குத் தள்ளுகிறது. அத்துவாரத்தின் எதிரே வைத்த பொருள், மற்றவை நன்றாயிருக்கும்போதே உறைந்துவிடும். கதவின் தட்டுகளே குளிர் குறைந்தவை.

ஆகவே கீரைகளையும் காய்களையும் நீர் வடித்து, துணியில் சுற்றி, அடியிலுள்ள மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். பாலையும் முட்டையையும் நடுத்தட்டில், பின்சுவரினின்று இரண்டு விரற்கடை தள்ளி வைப்பது நலம். மறுநாள் சமைக்கும் மீனையும் இறைச்சியையும் பனி அறைக்கு அடுத்த தட்டில் வைக்கலாம். துவாரங்களை எப்பொருளாலும் அடைத்தல் கூடாது. வாழைப்பழத்தை உள்ளே வைக்கவே வேண்டாம். அது சுமார் 13 டிகிரிக்குக் கீழே உறையாமலே கருத்துப்போகும்.

திருகைத் திட்டப்படுத்தும் முறை

திருகில் 1, 2, 3 எனப் பொறித்த எண்களை உஷ்ணத்தின் டிகிரி என்று கருதுவோர் உண்டு. இது பெருந்தவறு. வழக்கமாக எண் உயர உயரக் குளிரும் மிகும். பொருள் உறைவதைக் கண்டு, உஷ்ணத்தைக் கூட்டுவதாக எண்ணி 3-லிருந்து 5-க்குத் திருப்பினால் சேதம் இன்னும் அதிகமாகும்.

சரியான நிலையை அறிய, ஒரு தம்ளர் ஜலத்தில் உஷ்ணமானியை நிறுத்தி, இரவு முழுதும் நடுத்தட்டில் வைத்து, காலையில் கதவைத் திறந்தவுடன் பார்க்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் மானி இதற்கு உதவாது. பூஜ்யத்திற்குக் கீழும் காட்டுவதாயிருத்தல் அவசியம். 2 முதல் 4 டிகிரி வரை காட்டினால் போதுமானது. குறைந்திருந்தால் திருகை ஓர் எண் தாழ்த்தி, ஒரு நாள் முழுதும் பொறுத்து மறுபடி சோதிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் உயர்த்தி வைத்த திருகை மார்கழி, தை மாதங்களில் தாழ்த்த மறத்தல் கூடாது. அக்காலக் குளிரில் அதே எண் மிகுதியாகிவிடும்.

பழுதின் அறிகுறிகள்

திருகை மிகத் தாழ்த்தி ஒரு நாள் சென்றும் பொருள்கள் உறையுமாயின், குளிர்காற்றை விடும் அடைப்போ, உஷ்ணம் உணரும் கருவியோ கெட்டிருக்கலாம். அப்போது தொழில் தெரிந்தவரை அழைப்பது நலம். பனி அறையில் பனி தடித்திருந்தால் மின்சாரத்தை நிறுத்தித் தானே உருக விட வேண்டும். கத்தியால் பெயர்ப்பது, உள்ளேயுள்ள குழாயைத் துளைத்துப் பெட்டியையே பாழாக்கும்.

கால்நடை மருந்து

கோமாரித் தடுப்பு மருந்தை முகாமிற்கு முன்னாள் இரவு வீட்டுப் பெட்டியில் வைக்க நேரிடுவோர் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். அம்மருந்து 2 முதல் 8 டிகிரி வரையில் இருக்க வேண்டியது. உறைந்தால் அதன் வீரியம் கெடும். உறைந்த கீரையைப் பார்த்தவுடன் அறியலாம். உறைந்து உருகிய மருந்தையோ பார்வையால் மட்டும் நிச்சயிக்க இயலாது. அதை மாட்டுக்குப் போட்டபின், காப்பு உண்டென்று நம்பியிருக்கும் குடியானவர், நோய் வந்த பிறகே உண்மையை அறிவார். ஆகையால் மருந்தைத் தனிப் பெட்டியில், உணவுப் பொருளோடு கலவாமல், உஷ்ணமானியுடன் நடுத்தட்டில் வைக்க வேண்டும். உறைந்ததென்ற ஐயம் எழுந்தாலும் அதைப் பயன்படுத்தாமல் கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மேற்கூறியவற்றிற்கு வேண்டிய செலவு ஓர் உஷ்ணமானியின் விலையே. அதை வாங்கி வைத்து, பருவம் மாறும்தோறும் ஒருமுறை சோதித்து வருபவர் வீட்டில், பாடுபட்டு விளைவித்த பொருள் ஒரே இரவில் வீணாவதற்கு இடமிராது.